ஒரு தேக்கரண்டித் திரவம்: கிளட்சில் காற்று எடுப்பதன் கணக்கு

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள காரில் பெடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கம்பியோ தண்டோ கிடையாது. மெல்லிய குழாய்க்குள் அடைபட்டிருக்கும் திரவம்தான் பாதத்தின் அழுத்தத்தை எடுத்துக்கொண்டு போய்க் கிளட்சில் சேர்க்கிறது. மாருதி 800 போன்ற பழைய சிறு கார்களில் இந்த வேலையைக் கேபிள் செய்தது. கேபிள் நைந்தால் இழை பிரிவது கண்ணில் படும். திரவம் ஒழுகினாலும் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். குழாய்க்குள் காற்று புகுந்தால் மட்டும் வெளியே ஓர் அடையாளமும் இருக்காது. ஓட்டுபவரின் இடது பாதத்துக்குத்தான் அது முதலில் தெரியும். அந்தக் காற்றை வெளியேற்றுவதைப் பட்டறைகளில் ‘ஏர் எடுப்பது’ என்கிறார்கள். ஒரு ஸ்பேனர், ஒரு பிளாஸ்டிக் குழாய், பெடலை மிதிக்க ஓர் ஆள் இருந்தால் போதும். ஆனாலும் அரை நாள் மிதித்தும் பெடல் ஏறவில்லை என்று, பழுதே இல்லாத சிலிண்டர்களைக் கழற்றி மாற்றுவது அடிக்கடி நடக்கிறது. காற்று எங்கே தங்குகிறது, ஒரு மிதிக்கு எவ்வளவு திரவம் நகர்கிறது என்ற இரண்டும் தெரிந்திருந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும்.

பெடலுக்கு முன்னால், எஞ்சின் அறையின் தடுப்புச் சுவரில் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. பெடலை மிதித்தால் அதனுள்ளே இருக்கும் பிஸ்டன் முன்னேறித் திரவத்தைக் குழாய்க்குள் தள்ளும். குழாயின் மறுமுனை கீழே கியர்பாக்ஸ் பக்கத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரில் முடிகிறது. அங்குள்ள பிஸ்டன் வெளியே வந்து ஃபோர்க்கைத் தள்ளும். ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். பேரிங் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தும். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு இறுக்கிப் பிடித்திருந்த பிரஷர் பிளேட் அப்போது விலகி, எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போவது நிற்கிறது. இத்தனை தள்ளலும் முடிந்து கடைசியில் கிடைக்கும் விலகல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்.

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின்மேல் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைக்கும் பரவும் என்பது பிளேஸ் பாஸ்கலின் விதி. திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல், அவர் இறந்த மறு ஆண்டான 1663இல் அச்சேறியது. அதற்கு ஓராண்டு முன், 1662இல், ராபர்ட் பாயில் காற்றைப் பற்றிய தம் விதியை வெளியிட்டிருந்தார்: வெப்பநிலை மாறாமல் இருந்தால், அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு காற்றின் கொள்ளளவு குறையும். கிளட்ச் பெடல் வேலை செய்வது பாஸ்கலின் விதிப்படி. காற்று புகுந்த இடத்தில் பாயிலின் விதி குறுக்கே வந்துவிடுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 16 மி.மீ., பிஸ்டன் நகர்வு 28 மி.மீ. என்று கொண்டால், முழு மிதி ஒன்றுக்கு நகரும் திரவம் சுமார் 5.6 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டி அளவு. ஸ்லேவின் உள்விட்டம் 20 மி.மீ. என்றால் அதன் பிஸ்டன் ஏறக்குறைய 18 மி.மீ. வெளியே வரும். பாதம் 10 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மிதிக்கிறது, பெடலின் நெம்பு அதை ஐந்து மடங்காக்குகிறது என்றால், திரவத்தில் எழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ. அந்த அழுத்தத்தில் திரவம் சுருங்குவது ஆயிரத்தில் ஓரிரு பங்குதான், அதை மறந்துவிடலாம். அதே இடத்தில் 1 மில்லிலிட்டர் காற்று இருந்தால் அது 0.04 மில்லிலிட்டராகச் சுருண்டுவிடும். மிதியில் கிட்டத்தட்ட 1 மில்லிலிட்டர், காற்றை நசுக்குவதற்கே போய்விட்டது. ஸ்லேவ் பிஸ்டனின் 18 மி.மீ. நகர்வு 15 மி.மீ. ஆகிறது.

ஆறில் ஒரு பங்கு குறைவதால் என்ன என்று தோன்றலாம். குறைவது எந்தப் பங்கு என்று பார்க்க வேண்டும். நகர்வின் முதல் பகுதி ஸ்பிரிங்கை வளைப்பதற்கும், பிளேட்டுக்குள் இருக்கும் மெத்தைத் தகடுகள் விரிவதற்கும் செலவாகிவிடுகிறது. பிளேட் ஃப்ளைவீலை விட்டு முழுமையாக விலகுவது கடைசிச் சில மில்லிமீட்டரில்தான். காற்று தின்றுவிடுவது சரியாக அந்தக் கடைசிப் பங்கை. அதனால் 1 மில்லிலிட்டர் காற்றிலேயே கியர் முரண்டு பிடிக்கும். 2 மில்லிலிட்டர் ஆனால் பல கார்களில் கியர் விழவே விழாது.

ஓட்டுபவருக்கு இது வரிசையாகத் தெரியவரும். பெடல் மெதுமெதுவென்று பஞ்சுபோல் ஆகும். முன்பு பாதி உயரத்தில் பிடித்த கிளட்ச் தரைக்குப் பக்கத்தில் வந்து பிடிக்கும். ரிவர்ஸ் போடும்போது ‘கர்ர்’ என்று பல் உரசும். பெரும்பாலான கார்களில் ரிவர்ஸ் கியருக்கு, பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ கிடையாது என்பதால் முதல் முறையீடு அங்கிருந்தே வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் மாறி மாறிப் போக வேண்டிய வண்டிக்கு இந்தக் குறை வெறும் தொந்தரவோடு நிற்காது. வளைவின் நடுவில் கியர் விழாமல் வண்டி பின்னால் உருண்டால் அது ஆபத்து.

பெடல் இறங்குவதற்கெல்லாம் காற்றுதான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்தவுடன் பெடல் மேலேறி, கியரும் விழுந்தால் காற்று இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். பெடல் சட்டென்று திரும்பும்போது, ஸ்லேவ் பிஸ்டன் முழுதும் பின்வாங்குவதற்குள், மாஸ்டர் பிஸ்டனில் உள்ள ரப்பர் கப்பின் உதட்டைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதல் திரவம், மாஸ்டருக்குத் திரவம் தரும் தொட்டியிலிருந்து இறங்கிவிடுகிறது. அடுத்த மிதிக்குக் கையிருப்பு கூடுகிறது. மாறாக, சிக்னலில் முதல் கியரில் பெடலை மிதித்துக்கொண்டு நிற்கும்போது அது பாதத்தின்கீழ் மெல்ல மெல்ல இறங்கி வண்டி தானாக நகரப் பார்த்தால், மாஸ்டரின் கப் தேய்ந்து திரவம் உள்ளுக்குள்ளேயே பின்னால் கசிகிறது. அங்கே எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பயனில்லை. பெடலுக்குக் கீழே தரைவிரிப்பைத் தொட்டுப் பார்த்து ஈரமாக இருந்தால் மாஸ்டரின் பின்பக்க சீல் போயிருக்கிறது. கியர்பாக்ஸின் அடியில் சொட்டு இருந்தால் ஸ்லேவைப் பார்க்க வேண்டும்.

காற்று தானாக உள்ளே வருவதில்லை. யாரோ, எதுவோ கதவு திறந்துவிட்டிருக்கும். குழாயையோ சிலிண்டரையோ மாற்றியது ஒரு காரணம். தொட்டியில் மட்டம் இறங்கியது இன்னொன்று. மட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் பட்டறைகளிலேயே பலருக்குத் தெரிவதில்லை. பிரேக் பேடு தேயத் தேய, பிஸ்டன் வெளியே வந்து, தொட்டியில் மட்டம் இறங்கும், அது இயல்பு. கிளட்சில் நேர்மாறு. வழக்கமான டயஃப்ரம் கிளட்சில் பிளேட் தேயும்போது ஸ்பிரிங்கின் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கமாக எழும்பி ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே தள்ளுகின்றன. திரவம் தொட்டிக்கே திரும்பி, மட்டம் சற்று ஏறுகிறது. எனவே கிளட்சுக்கென்று தனித் தொட்டி உள்ள காரில் மட்டம் இறங்கினால் அது தேய்மானக் கணக்கில் வராது. எங்கோ கசிகிறது என்றே அர்த்தம். கசிவைக் கண்டுபிடிக்காமல் ஊற்றி நிரப்பி ஏர் எடுத்து அனுப்பினால், வண்டி சில வாரங்களில் திரும்பி வரும்.

இன்றைய கார்கள் பலவற்றில் கிளட்சும் பிரேக்கும் ஒரே தொட்டியைப் பகிர்ந்துகொள்கின்றன. கிளட்சுக்குப் போகும் குழாய் தொட்டியின் சற்று உயரமான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கும். கிளட்ச் பக்கம் முழுவதும் ஒழுகிப் போனாலும் பிரேக்குக்கு வேண்டிய திரவம் அடியில் மிஞ்ச வேண்டும் என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. அதன் பின்விளைவு, மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் முதலில் காற்று குடிப்பது கிளட்ச்தான். ஏர் எடுக்கும்போது கவனக்குறைவால் தொட்டியை அடிவரை காயவிட்டால் பிரேக் குழாய்களுக்குள்ளும் காற்று இறங்கிவிடும். ஏபிஎஸ் உள்ள வண்டிகள் சிலவற்றில் அதை எடுக்க ஸ்கேன் கருவியை மாட்டி உள்ளே இருக்கும் பம்பை இயக்க வேண்டிவரும். கிளட்ச் வேலைக்கு வந்த வண்டியின் பிரேக்கைக் கெடுத்து அனுப்புவதைவிட மோசமான வேலை வேறு கிடையாது.

திரவத்தைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘பிரேக் ஆயில்’ என்றுதான் சொல்கிறார்கள். பெயரில்தான் ஆயில். பெரும்பாலான கார்களில் உள்ளே இருப்பது கிளைக்கால் ஈதர் கலவை. பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ வேறு கனிம எண்ணெயையோ அதில் ஊற்றினால் சீல்களின் ரப்பர் ஊதிப் பருத்துவிடும். மாஸ்டர், ஸ்லேவ் ரப்பர்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும். சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவுவதும் இதே கேட்டைச் செய்யும். சில கார்களுக்குக் கனிம எண்ணெய்தான் குறிப்பிடப்பட்டிருக்கும். அவற்றில் பிரேக் திரவம் கெடுதல். தொட்டி மூடியில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுவதே முறை.

மூடியில் டாட் 3, டாட் 4 என்று எழுதியிருக்கும். டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். புதிய திரவத்தின் கொதிநிலை டாட் 3க்குக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4க்கு 230 டிகிரி இருக்க வேண்டும். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் டாட் 3க்கு 140 டிகிரியும் டாட் 4க்கு 155 டிகிரியும் போதும் என்று தரம் வரையறுக்கிறது. ஆண்டுக்கணக்கில் மாற்றாத திரவம், சைலன்சர் குழாய்க்கு அருகில் ஸ்லேவ் அமைந்த வண்டியில், நீண்ட மலையேற்றத்துக்குப் பிறகு உள்ளே ஆவிக் குமிழிகளை உண்டாக்கலாம். வண்டி ஆறியதும் குமிழி மறைந்து பெடல் சரியாகிவிடும். மறுநாள் பட்டறையில் குறை ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட வண்டிக்குத் தேவை முழுத் திரவ மாற்றம். திறந்து பாதி மீந்து அலமாரியில் கிடக்கும் புட்டியை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. மூடி தளர்ந்திருந்த நாளெல்லாம் அது ஈரம் குடித்திருக்கும். டாட் 5 என்பது சிலிக்கோன், டாட் 5.1 கிளைக்கால் வகை. எண் நெருங்கியிருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றும் தவறு நேர்கிறது. இரண்டும் கலக்காது.

வேலைக்கு முன் பானெட்டின் ஓரத்தில் துணி விரிக்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் பெயின்ட் உரியும்; விழுந்தால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தாலும் உடனே நிறையத் தண்ணீர்தான். தொட்டி மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுவது நல்லது. ஒரு துளி மணல் உள்ளே போனால் ரப்பர் கப்பில் கோடு விழும்.

ஸ்லேவ் சிலிண்டரின் மேற்பகுதியில் சிறு நிப்பிள் ஒன்று ரப்பர் தொப்பியோடு இருக்கும். தொப்பியைக் கழற்றி, அளவான ஸ்பேனரை முதலில் மாட்டி, பிறகு நிப்பிளின்மேல் நிறமற்ற பிளாஸ்டிக் குழாயைச் செருக வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் குழாயே இதற்குப் போதும். குழாயின் மறுமுனை, கொஞ்சம் புதிய திரவம் ஊற்றிய கண்ணாடிப் புட்டியில் மூழ்கியிருக்க வேண்டும். ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மெதுவாக மிதித்துத் தரையோடு பிடித்துக்கொள்கிறார். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்கிறார். புஸ்ஸென்று சீறலோடு திரவம் குழாய்க்குள் பாயும். பெடல் தளர்ந்து தரையில் உட்காரும். பாதத்தை எடுக்காமல் இருக்கும்போதே நிப்பிளை மூட வேண்டும். மூடியாயிற்று என்ற குரல் கேட்ட பிறகே பெடலை விட வேண்டும். விட்ட பின் ஓரிரு நொடி காத்திருந்தால் தொட்டியிலிருந்து புதிய திரவம் மாஸ்டருக்குள் இறங்கும். இந்த வரிசை ஒருமுறை பிசகினாலும், பெடல் மேலே வரும்போது நிப்பிள் வழியாகவே காற்று உள்ளே இழுக்கப்படும். ‘மிதி’, ‘விடு’ என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு செய்வதுதான் நல்ல பழக்கம்.

குழாயைக் கவனித்தால் உள்ளே நடப்பது தெரியும். முதலில் வருவது பழுப்பேறிய கலங்கல் திரவம். பிறகு நுரை கலந்து வரும். அப்புறம் பாசிமணி கோத்ததுபோல் சிறு குமிழிகள், இடையிடையே குழாயின் அகலத்தை அடைத்துக்கொண்டு நீளமான ஒரு குமிழி. குமிழியே வராமல் தெளிந்த திரவம் வந்த பின்னும் நாலைந்து மிதி கூடுதலாக எடுப்பது வழக்கம். அதற்குக் காரணம் மாஸ்டரிலிருந்து ஸ்லேவுக்குப் போகும் குழாயின் கொள்ளளவு. ஒன்றரை மீட்டர் நீளமும் 3.2 மி.மீ. உள்விட்டமும் உள்ள குழாயில் சுமார் 12 மில்லிலிட்டர் திரவம் நிற்கும். ஒரு மிதிக்கு நகர்வதோ 5.6 மில்லிலிட்டர். மாஸ்டரின் வாயிலிருந்து புறப்பட்ட குமிழி ஸ்லேவை எட்டவே இரண்டு மிதிக்கு மேல் ஆகும். நிப்பிளை மூடி வைத்துக்கொண்டு பெடலை இருபது முறை குத்திக் குத்தி மிதிப்பது வீண் என்பதும் இதே கணக்கில் விளங்கும். குமிழி குழாய்க்குள் கொஞ்சம் கீழே போய், பெடல் திரும்பும்போது பழைய இடத்துக்கே வந்து சேரும். வேகமாகக் குத்தினால் பெரிய குமிழி உடைந்து நுரையாகி, எடுப்பதற்கு இன்னும் கடினமாகிவிடும். நிதானமாக மிதிப்பவரே இந்த வேலையைச் சீக்கிரம் முடிக்கிறார்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை தொட்டியை எட்டிப் பார்த்து நிரப்ப வேண்டும். வெளியே வந்த திரவத்தைத் திரும்ப ஊற்றக் கூடாது. அதில் காற்றும் அழுக்கும் கலந்திருக்கிறது.

இவ்வளவு செய்தும் பெடல் ஏறாத வண்டிகள் உண்டு. காற்று மேலே போக விரும்பும் பொருள். நிப்பிளோ அமைப்பின் கீழ்முனையில் இருக்கிறது. குறுகிய குழாயில் திரவ ஓட்டம் குமிழியை இழுத்துக்கொண்டு வந்துவிடும். அகலமான இடம் வந்ததும் குமிழி ஓட்டத்தை விட்டு விலகி மேல்மூலையில் ஒதுங்கிக்கொள்ளும், திரவம் அதன் அடியில் ஓடிப்போகும். ஸ்லேவ் சிலிண்டரின் உட்பக்கம், குழாய் மேலேறி வளையும் இடம், சாய்வாகப் பொருத்திய மாஸ்டரின் உயர்ந்த முனை ஆகியவை அப்படிப்பட்ட ஒதுங்குமிடங்கள். வண்டியின் முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ ஜாக்கி வைத்துத் தூக்கிச் சாய்வை மாற்றினாலே சில வண்டிகளில் காற்று வந்துவிடும். தூக்கிய வண்டியின்கீழ் நுழைவதற்கு முன் ஸ்டாண்டு வைப்பது கட்டாயம். வெளியே போல்ட் போட்ட ஸ்லேவ் என்றால் கழற்றி, நிப்பிள் உச்சியில் வருமாறு சாய்த்துப் பிடித்து, பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு ஏர் எடுக்கலாம். பிஸ்டன் உள்ளே போய்விட்டால் காற்று ஒளிய இடமே குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் பிஸ்டனைக் கட்டிவைக்காமல் பெடலை மிதித்தால் அது வெளியே தெறித்துவிடும்.

காற்றின் போக்கோடு போவது இன்னொரு வழி. பெரிய சிரிஞ்சில் புதிய திரவத்தை ஏற்றி, நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளினால், குமிழிகள் தொட்டியில் வந்து வெடிப்பதைப் பார்க்கலாம். குழாய் முழுக்கக் காலியாகிவிட்ட வண்டிக்கு இதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் பழைய அழுக்கும் சேர்ந்து மாஸ்டருக்குள் ஏறும் என்பதால் முதலில் தொட்டியை உறிஞ்சிச் சுத்தம் செய்ய வேண்டும். நிரம்பி வழியாமலும் பார்க்க வேண்டும். உறிஞ்சு பம்பு வைத்து நிப்பிளிலிருந்து இழுக்கும் முறையில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் பல, நிப்பிளின் மரை வழியாக வெளியிலிருந்து நுழைபவை. அதை அறியாமல் லிட்டர் கணக்கில் திரவத்தை வீணாக்குவதுண்டு. மிதிக்க ஆள் இல்லாத இடத்தில், தொட்டி மூடியைத் திறந்து, நிப்பிளையும் திறந்துவிட்டுச் சொட்டவிடுவதும் நடைமுறையில் பலன் தருகிறது. பொறுமையும், தொட்டிமேல் ஒரு கண்ணும் வேண்டும். புதிய மாஸ்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன் வைஸில் பிடித்து, திரவம் ஊற்றி, பிஸ்டனைச் சில முறை தள்ளி உள்ளிருக்கும் காற்றை நீக்கிவிட்டால் பின்னால் பாதி வேலை குறையும்.

பல புதிய கார்களில் ஃபோர்க்கும் வெளி ஸ்லேவும் கிடையாது. கியர்பாக்ஸின் உள்ளே, தண்டைச் சுற்றி வளையமாக ஸ்லேவ் உட்கார்ந்து, பேரிங்கை நேராகத் தள்ளுகிறது. ஏர் எடுக்கும் வாய் மட்டும் வெளியே நீட்டியிருக்கும்; சிலவற்றில் அது பிளாஸ்டிக் இணைப்பு, கிளிப்பை ஒரு படி இழுத்தால் திறக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் உடையும். இந்த வகை ஸ்லேவைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கையால் அழுத்திப் பார்க்கக் கூடாது. கியர்பாக்ஸை ஏற்றுவதற்கு முன் பெடலையும் மிதிக்கக் கூடாது. சீல் புரண்டுவிட்டால் அதை மாற்ற மறுபடி கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். ஒரு நாள் வேலை.

நிப்பிளை இறுக்குவதில் பலத்தைக் காட்ட வேண்டியதில்லை. உள்ளே துளையிட்ட மெல்லிய திருகு அது. அதிகம் இறுக்கினால் சிலிண்டருக்குள்ளேயே ஒடிந்துவிடும். கசியாத அளவுக்கு இறுக்கி, ரப்பர் தொப்பியைப் போட்டு, சுற்றிலும் துடைத்துக் காயவிட்டால் பிறகு கசிவு இருந்தாலும் எளிதில் தெரியும்.

சோதனை சமதரையில். எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்து, சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டால் சத்தமில்லாமல் விழ வேண்டும். முதல் கியரில் பெடலை மிதித்தபடி பிரேக்கை விட்டால் வண்டி அசையக் கூடாது. பெடலின் உச்சியில் சிறிது ஆட்டம் இருக்கிறதா என்றும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் மாஸ்டர் பிஸ்டன் முழுதும் பின்வாங்காமல், தொட்டிக்குத் திரும்பும் சிறு துளையை அடைத்துக்கொண்டிருக்கும்; எஞ்சின் சூட்டில் விரியும் திரவம் போக்கிடம் இல்லாமல் கிளட்சைத் தள்ளி வழுக்கச் செய்யும். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் பெடலின் உயரத்தையும் நிப்பிளின் அடியையும் இன்னொரு முறை பார்த்தால், ஆறவிட்டபின் மேலேறி வந்த குமிழியோ புதிய கசிவோ இருந்தால் தெரிந்துவிடும். எடுத்த பழைய திரவத்தைச் சாக்கடையில் கொட்டாமல், மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, கழிவு எண்ணெயோடு கலக்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும்.

தனித் தொட்டி என்றால் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பினால் போதும். பிளேட் தேயும்போது ஏறிவரும் திரவத்துக்கு அந்த இடம் வேண்டும். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கீழ்நோக்கி நீண்டிருந்தால் அதை மடித்து மேலே தள்ளிவிட்டு, மூடியைத் திருகி மூடலாம்.